அச்சுமுறுக்கு பாக்கெட்டில் ஒரு முகம்

ரூத்: பாக்கெட்டு டிசைன்ல மத்ததெல்லாம் இருக்கட்டும் சார். அந்த முகத்த மட்டும் எடுத்துடுங்க.

ஆன்சி: அம்மா! பாக்கெட்டுக்கு உயிரே அதாம்மா. அத எடுத்துட்டு அந்த முட்டை வட்டத்துல எத வைக்கிறது, நம்ம அச்சுமுறுக்கையா?

ரூத்: வையேன். விக்கிறது அதத்தான?

ஜெரால்ட்: மேடம், பழைய பாக்கெட்டு எதப் பாத்தாலும் வட்டத்துக்குள்ள ஒரு முகம் இருக்கும். அப்பளம், சீயக்காத்தூள், பல்பொடி... ஆளப் பாத்து நம்பி வாங்குவாங்க.

ரூத்: அது ஓனர் முகம் சார். இது யாரோ ஒரு பொண்ணு.

ஜெரால்ட்: ம்... யாரோ ஒரு பொண்ணுதான்.

ஆன்சி: கேசட் கவர்ல இருந்த பொண்ணும்மா. அங்கிள்ட்ட நான்தான மாடலுக்குக் கொண்டாந்து கொடுத்தேன். நம்ம அலமாரில பைபிளுக்கு அடியில, லேமினேட் பண்ணி இருந்துச்சே...

ரூத்: என்னயக் கேக்காம எடுத்திருக்க.

ஆன்சி: கேட்டா கொடுத்திருப்பியாக்கும்? அங்கிள், அது எங்க சர்ச் கொயர் போட்ட கேசட்டு. அம்மாவும் அதுல பாடியிருக்கு.

ஜெரால்ட்: அப்படியா மேடம்?

ரூத்: கும்பல்ல ஒரு ஆளு.

ஆன்சி: அந்த ஆரஞ்சும் காப்பிக்கலரும் சேந்த பட்டையப் பாரேன். எழுத்து எப்படிக் குண்டு குண்டா, நிழலோட... இப்ப எவன் இப்படிப் போடுறான்? அந்தக் கேசட் கவர இம்புட்டு அழகா வரைஞ்சுட்டு, அந்த ஆளு பேரக் கூடப் போட்டுக்கல.

ரூத்: உதட்டுச் செவப்பு கோட்ட விட்டு வெளிய வந்திருக்கே, அதுவும் அழகா? பிரிண்டு தப்பு சார்.

ஆன்சி: வேணும்னே பண்றதும்மா! அந்தக் காலத்து மிசின்ல கலர் இப்படித்தான் நகந்து விழுகுமாம். இப்ப அதத்தான் எல்லாரும் தேடுறாங்க.

ரூத்: அன்னைக்குத் தப்பு, இன்னைக்கு அழகா?

ஜெரால்ட்: சிலதுக்கு நாளாகணும் மேடம்...

ஆன்சி: பின்னாடி பாரு, பாட்டு லிஸ்ட்டு மாதிரியே! முதல் பக்கம்: பச்சரிசி மாவு, தேங்காப்பால். ரெண்டாம் பக்கம்: முட்டை, சீனி, கருப்பு எள்ளு.

ரூத்: அடப் பாவிகளா...

ஆன்சி: சிரிச்சிட்ட! அந்தப் பொண்ணுக்கும் உன்ன மாதிரியே மச்சம் பாரேன். உனக்கு வலது கன்னத்துல, அதுக்கு இடது கன்னத்துல.

ரூத்: தொண்ட கரகரங்குது. எதுத்தாப்புல பருத்திப்பால் வண்டி நிக்குது, மூணு பேருக்கும் வாங்கிட்டு வா.

ஆன்சி: சாயங்காலம் சிவகாசிக்கு ஃபைல் போகணும்மா. இல்லேன்னா கிறிஸ்மஸுக்குப் பாக்கெட்டு வராது.

ரூத்: நீ போயிட்டு வா. முடிவச் சொல்றேன்.

ஆன்சி: போறேன், போறேன். அங்கிள், முகத்த எடுத்துறாதீங்க!

ரூத்: ...போயிட்டாளா?

ஜெரால்ட்: ரோட்டக் கடக்குறா. நடை அப்படியே உன்னோடது.

ரூத்: சார், மேடம்னு நல்லா நடிக்கிறீங்க ஜெரால்ட்.

ஜெரால்ட்: ஆரம்பிச்சது நீ. நான் பின்பாட்டுத்தான்.

ரூத்: மெட்ராஸ விட்டுட்டு வந்து ஒத்தக்கடையில கடை போட்டிருக்கீங்கன்னு தெரியும். இந்தத் தெருப் பக்கமே வராமத்தான் இருந்தேன். ஏன் அந்த முகத்தப் போட்டீங்க? கலர எடுத்திருக்கலாம், எழுத்த எடுத்திருக்கலாம்...

ஜெரால்ட்: எடுத்தேன். வட்டத்துக்கு வந்ததும் கை தன்னால அங்க போயிருச்சு. எனக்கு வேற முகம் வரல ரூத்... அன்னைக்கும் வரல. உன் மக அந்த அட்டைய மேசையில வச்சதுமே தெரிஞ்சுபோச்சு. நான் வரைஞ்சது. இம்புட்டு வருசமா நீ வச்சிருக்க...

ரூத்: ரீலு சிக்கி அறுந்துபோச்சு. கேசட்டத் தூக்கிப் போட்டுட்டேன். அட்டையப் போட மனசு வரல.

ஜெரால்ட்: அன்னைக்கே ஒரு வார்த்த...

ரூத்: யாரு, நானா சொல்லணும்? என் கல்யாணத்துக்குச் சர்ச்ல மூணு வாரம் ஓலை வாசிச்சாங்க. தடை சொல்றவங்க யாராச்சும் உண்டான்னு பாஸ்டர் கேக்குறப்பல்லாம் கடைசி பெஞ்சத்தான் திரும்பிப் பாத்தேன்.

ஜெரால்ட்: அங்கதான் இருந்தேன். பாட்டுன்னாத்தான் எனக்கு வாய் தொறக்கும்...

ரூத்: விடுங்க. கிடைச்சவரும் தங்கமான மனுசன். கண்ண மூடுற வரைக்கும் எனக்கு ஒரு குறை வைக்கல.

ஜெரால்ட்: இந்த அட்டைய அவரு பாத்தாரா?

ரூத்: கல்யாணமான வருசமே பாத்தாரு. “உன்னய நல்லாத்தான் வரைஞ்சிருக்கான்”னாரு.

ஜெரால்ட்: “உன்னய”ன்னா சொன்னாரு?

ரூத்: ம். ஒண்ணும் கேக்கல மனுசன். மறுநாளு, ஓரம் பிஞ்சிரும்னு லேமினேட் பண்ணிக் கொண்டாந்து கையில கொடுத்தாரு. அட, அழாதீங்க ஜெரால்ட். பிள்ள வந்துரும்.

ஜெரால்ட்: எடுக்கச் சொன்னா எடுத்துடுறேன். எனக்கு மனசில்ல... ஆனா உனக்குச் சங்கடம்னா எடுத்துடுறேன்.

ரூத்: ஒத்தக்கடை, மேலூருன்னு கடை கடையாத் தொங்கப்போகுது. ஒருநாள் ஆன்சி உத்துப் பாத்துட்டுக் கேட்டா, நான் என்னத்தச் சொல்ல?

ஜெரால்ட்: அவரு கேக்காம விட்டாரு... இவ கேப்பா.

ரூத்: ஆமா. இவ கேப்பா...

ஆன்சி: பருத்திப்பால், பருத்திப்பால்! சுடுது, புடிங்க சீக்கிரம்! என்ன அங்கிள், கண்ணெல்லாம் செவந்திருக்கு?

ஜெரால்ட்: கம்ப்யூட்டரையே பாத்துக்கிட்டு இருந்தேனா...

ஆன்சி: அம்மாவுக்கும் கம்ப்யூட்டரா? சரி, முடிவு என்ன? முகம் உண்டா, இல்லையா?

ரூத்: இருக்கட்டும்.

ஆன்சி: ஐ! ஃபைல அனுப்புங்க அங்கிள், அம்மா மனசு மாறுறதுக்குள்ள!

ரூத்: இருடி. ஒரே ஒரு கரெக்‌ஷன் இருக்கு.

ஜெரால்ட்: சொல்லுங்க மேடம்.

ரூத்: மேடம் போதும், ரூத்துன்னே கூப்பிடுங்க ஜெரால்ட். அன்னைக்கு ஊரு கண்டுபிடிச்சிரும்னு பயந்து மச்சத்த இடது கன்னத்துல கொண்டுபோயி வச்சீங்கள்ல? அத வலது கன்னத்துக்கு மாத்திருங்க. பாக்கெட்டுன்னா ஓனர் முகந்தான இருக்கணும்.