சிவப்பாகப் பிளந்த கொட்டகைத் தூண்

என் பெயர் வைஜெயந்தி. வயது எழுபத்து நான்கு. காலஞ்சென்ற பாலசுப்பிரமணியத்தின் மனைவி. தெற்கு அந்தமான், சௌல்தாரியில் சொந்த வீட்டில் தனியாக வசிக்கிறேன். கான்வென்ட்டில் படித்தவள். ஆங்கிலத்தில் எழுதட்டுமா என்று கேட்டார்கள். இந்தக் காவல் நிலையத்தில் பிடித்து வைத்திருக்கும் யோகராஜுக்கும் படித்துக் காட்ட வேண்டும் என்பதால் தமிழில் எழுதச் சொன்னேன். காவலர் நளினி எழுதுகிறார்.

மழைக்காலத்தில் எங்கள் தேங்காயை அடுப்புச் சூட்டில்தான் கொப்பரையாக உலர்த்துகிறோம். விறகு பிளக்க ஆள் கிடைப்பதில்லை என்பதால் என் தம்பி மகன் சுதாகர், பெட்ரோலில் ஓடும் விறகு பிளக்கும் இயந்திரம் ஒன்றைச் சென்னையிலிருந்து கப்பலில் அனுப்பினான். அது சனிக்கிழமை வந்து சேர்ந்தது. அதனுடன் வந்த விளக்கப் புத்தகத்தை முழுவதும் படித்த பிறகே பெட்ரோல் ஊற்ற அனுமதித்தேன்.

ஞாயிறு காலை யோகராஜ் வந்தார். அவர் ரப்பர் தோட்டத்தில் தினக்கூலி. ஓய்வு நாளில் எனக்கு வேலை செய்வார். சென்ற மாதம் இடித்த மாட்டுக்கொட்டகையின் தூண் ஒன்றைத் துண்டுகளாக அறுத்து வைத்திருந்தார். வெளியே சாம்பல் நிறம்; ஒவ்வொரு பொங்கலுக்கும் பூசிய சுண்ணாம்பு அதில் இன்னும் ஒட்டியிருந்தது.

அதில் ஒரு துண்டை அவர் இயந்திரத்தில் தூக்கி வைத்தார். நான் கயிற்றை இழுத்து இன்ஜினை ஓடவிட்டேன். நான் வெட்டு விழும் என்று எதிர்பார்த்தேன். அது வெட்டவில்லை. ஆப்பு மெதுவாக இறங்கி மரத்தின் மேல் அமர்ந்து, விடாமல் அழுத்தியது. யோகராஜ், "இது மரத்தப் பொளக்குமா, மரத்துக்கிட்ட கெஞ்சுமா தொரசாணியம்மா?" என்று கேட்டார். அந்தப் பட்டப்பெயர் எனக்குப் பிடிக்காது. ஆனால் கேள்வி நியாயமானது. இரண்டு கைப்பிடிகளையும் சேர்த்து அழுத்தினால்தான் ஆப்பு இறங்கும், ஒன்றை விட்டாலும் நின்றுவிடும் என்பதால் முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு இரு கைகளாலும் பிடித்தேன். மரம் முனகியது, பிறகு ஒரே சத்தத்தில் இரண்டாகத் திறந்தது. உள்ளே குங்குமச் சிவப்பு.

என் வீட்டு அலமாரி படாக் மரத்தில் செய்தது. ஆகையால் பார்த்தவுடன் இது படாக் என்று தெரிந்துகொண்டேன். என் கணவர் கொட்டகை கட்டிய காலத்தில் படாக் மரத்தை மர மில்லில் சாதாரணமாக வாங்கலாம்; இப்போது அனுமதியில்லாமல் காட்டில் வெட்டினால் வழக்கு. தெரிந்த பிறகும் இன்னொரு துண்டைப் பிளந்தேன். தூண் முழுவதும் அப்படித்தானா என்று பார்க்கவே அதைச் செய்தேன். முழுவதும் அப்படித்தான். இதை யாரும் மறைக்க வேண்டாம்.

அதன் பிறகு பிளந்ததில் ஒரு கட்டையை யோகராஜின் வீட்டுக்கு விறகாகக் கொடுத்தேன். அவர் அதைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனபோது, சாலையில் வனக்காவலர் ஒருவர் நிறுத்தி, காட்டில் படாக் வெட்டியதாகச் சொல்லி இங்கே கொண்டுவந்தார். யோகராஜின் கூடச் சென்ற அவர் மனைவி ஒச்சம்மா என் வீட்டுக்கு ஓடிவந்தார். "அம்மாதான் மெசின்ல பொளந்தாங்கன்னு அவரு சொன்னாரு. அதுக்கு அந்தாளு சிரிச்சுக்கிட்டே, 'அரே பாய், புடியா மெஷின் ஓட்டினாளா? வேற கதை சொல்லு'ன்னுட்டாரு" என்றார். 'புடியா' என்றால் இந்தியில் கிழவி. அந்தச் சொல்லுக்கு நான் தனியாக மனு கொடுப்பேன்.

யோகராஜ் அடுத்த மாதம் நிரந்தர வேலைக்கு எடுக்கப்பட இருக்கிறார். வழக்குப் பதிவானால் அது போய்விடும். தூண் என்னுடையது. இயந்திரம் என்னுடையது. அதை இயக்கியவளும் நான். இதில் குற்றம் இருந்தால் அவர் பெயரை எடுத்துவிட்டு என் பெயரை எழுதுங்கள்.

தூணின் அடித்துண்டு இன்னும் முற்றத்தில் கிடக்கிறது. மாடு கட்டும் இரும்பு வளையம் அதில் துருப்பிடித்துப் பதிந்திருக்கிறது. காட்டு மரத்தில் மாட்டு வளையம் முளைக்காது. சந்தேகம் உள்ள அதிகாரிகள் இன்று மாலையே வரலாம். வளையத்தைப் பார்த்த பிறகு, அதற்கு மேலுள்ள பகுதியை அறுத்து அவர்கள் எதிரிலேயே பிளந்து காட்டுகிறேன். இயந்திரத்திலிருந்து தள்ளி நிற்க வேண்டும். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. யோகராஜும் அப்போது அங்கே இருக்க வேண்டும், கைவிலங்கு இல்லாமல். துண்டைத் தூக்கி வைக்க அவர் வேண்டும்.

எழுதியதைக் காவலர் நளினி எனக்குப் படித்துக் காட்டினார். 'தள்ளாத வயதிலும்' என்று ஓரிடத்தில் இருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை, அதை அடித்து நீக்கச் செய்தேன். மற்றவை யாவும் நான் சொன்னவையே, உண்மை.

(ஒப்பம்) பா. வைஜெயந்தி