கடைசி வண்டிக் கொடி

இக்கரை: கொடி வந்துச்சா?

அக்கரை: இன்னும் வரலண்ணே.

இக்கரை: நல்லாப் பாரு. கையில வாங்கி இடுப்புல சொருகிட்டு மறந்துடுவ நீ.

அக்கரை: தடவிப் பாத்துட்டேன், பெல்ட்டுதான் இருக்கு. ஒரு பஸ் வந்துச்சு. அதுக்குப் பின்னால ஈ காக்கா இல்ல.

இக்கரை: பாலத்து நடுமேட்டுக்கு அந்தப் பக்கம்?

அக்கரை: அது உங்க பக்கம்ணே. நீங்கதான் சொல்லணும்.

இக்கரை: எனக்குத் தகரத் தடுப்புதான் தெரியுது. பாலத்த அகலமாக்கறோம்னு நம்ம கண்ணக் கட்டி விட்டுட்டானுங்க.

அக்கரை: போன வாரம் மாதிரி எவனாவது கொடிய வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிட்டானா?

இக்கரை: அவனா? துண்டுன்னு நெனச்சு மூஞ்சி தொடச்சவன்... இரு. அது என்ன சத்தம்?

அக்கரை: எது?

இக்கரை: சைரன். வாக்கி டாக்கியில கேக்குது.

அக்கரை: ஆம்புலன்ஸ்ணே. வரிசைக்கு முன்னால வந்து நிக்குது. டிரைவர் கத்தறான்.

இக்கரை: உள்ள யாரு?

அக்கரை: யாரோ... வயசானவர். விட்டுடவாண்ணே?

இக்கரை: கொடி?

அக்கரை: வரலையே.

இக்கரை: அப்ப விடாத.

அக்கரை: ஆஸ்பத்திரி உங்க கரையிலதானே இருக்கு! ஏரியச் சுத்திக்கிட்டு வந்தா பொழுதே சாஞ்சிடும்.

இக்கரை: ஒத்த வண்டி போற வழிடா. போன மாசம் வாய்ச்சொல்ல நம்பி ரெண்டு பக்கமும் விட்டோம். மேட்டு மேல முட்டிக்கிட்டுதே... அந்த ரத்தத்தக் கழுவினது யாரு?

அக்கரை: நாமதான்.

இக்கரை: அதுக்கப்பறம்தான இந்தக் கொடி? கடைசி வண்டி கையில குடுக்கறோம். அது உன் கைக்கு வந்தாத்தான் பாலம் காலி.

அக்கரை: தெரியும்ணே. ஆனா இது...

இக்கரை: ஆனா என்ன?

அக்கரை: ஒண்ணுமில்ல. உசுரு ஊசலாடுது. பாக்க முடியல.

இக்கரை: பாக்காத. திரும்பி நில்லு.

அக்கரை: கல்லு மனசுண்ணே உங்களுக்கு.

இக்கரை: ஆமா... கல்லுதான். மூச்சு இருக்கா?

அக்கரை: யாருக்கு?

இக்கரை: உள்ள படுத்திருக்கவங்களுக்குடா!

அக்கரை: மாஸ்க் போட்டிருக்கு. நெஞ்சு ஏறி எறங்குது... கொடிய எந்த வண்டிக்குண்ணே குடுத்தீங்க?

இக்கரை: கடைசி வண்டிக்கு.

அக்கரை: அதான், எது கடைசி வண்டி?

இக்கரை: இரு... பஸ் போச்சு. அப்ப போன் அடிச்சுது, எடுத்தேன்... பின்னால ஒரு பெரிய வண்டி. முதுகுல உருளை சுத்திக்கிட்டு...

அக்கரை: உருளையா? காங்கிரீட் லாரியாண்ணே?

இக்கரை: ஆமா, அதேதான்.

அக்கரை: அண்ணே! காங்கிரீட் லாரி என்னிக்கு இந்தக் கரைக்கு வந்துச்சு? நடுவுல புதுத் தூண்கிட்ட ஒதுங்கி நின்னு கொட்டிட்டு, உங்க பக்கமே திரும்பிடுமே! கொடிய பஸ்ஸுக்குல்ல குடுத்திருக்கணும்?

இக்கரை: ஐயோ.

அக்கரை: அப்ப பாலம்...

இக்கரை: காலிடா. லாரி இன்னும் திரும்பல, தூண்கிட்ட ஒதுங்கித்தான் நிக்கும். இவ்வளவு நேரமும் காலியாத்தான் கெடந்திருக்கு. விடு! விடுடா!

அக்கரை: போ, போ, போ... ஏறிடுச்சுண்ணே!

இக்கரை: சத்தம் கேக்குது. தண்ணி மேல நேரா வருது. வா... வா தாயி...

அக்கரை: மேடு தாண்டிடுச்சா?

இக்கரை: தாண்டிடுச்சு. தகரத்துக்கு மேல வெளக்கு தெரியுது. வேகமாத்தான்... இரு.

அக்கரை: என்னண்ணே?

இக்கரை: சைரன் நின்னுடுச்சு. வண்டி நிக்கல. மெதுவா வருது. ஏன்டா மெதுவா வருது?

அக்கரை: அண்ணே... எல்லாத்தையும் அப்படியே போட்டுட்டு வண்டிகிட்ட போங்க.

இக்கரை: என் பக்கம் வரிசை நிக்குது.

அக்கரை: நிக்கட்டும்! நான் பொய் சொல்லிட்டேண்ணே. வயசானவர் இல்ல. உள்ள அண்ணி. முன் சீட்டுல உங்க மச்சான். சொன்னா கொடி வராமலே விடச் சொல்லிடுவீங்க, மேட்டு மேல இன்னும் நாலு சாவு விழும்னு பயந்துட்டேன். என்ன மன்னிச்சிடுங்கண்ணே.

இக்கரை: நீ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? சொன்னா நீ விட்டுடுவியேன்னுதான் நானும் வாய மூடிக்கிட்டு நின்னேன். அப்ப போன் பண்ணினது மச்சான்தான்டா. 'மாமா, அக்காவ வண்டியில ஏத்திட்டோம், பாலத்துல நிறுத்தாம விடச் சொல்லுங்க'ன்னான். சரி சரின்னு சொல்லிக்கிட்டே... கொடிய அந்த லாரிக்காரன்கிட்ட நீட்டிட்டேன்.