கிழக்கு மதிலோரத்துப் பழைய தொட்டி குறித்து

என் பெயர், தகப்பனார் பெயர், விலாசம் ஆகியவை முதல் தாளில் எழுதப்பட்டிருக்கின்றன. படித்துப் பார்த்தேன், சரியாக இருக்கின்றன. வயது நாற்பத்தாறு. மனைவியோடும் இரண்டு பெண் பிள்ளைகளோடும் வாடகை வீட்டில் இருக்கிறேன். வீடு விற்பவர்களோ வாங்குபவர்களோ கேட்டுக்கொண்டால், அந்த வீட்டின் செப்டிக் டேங்க் நல்ல நிலையில் இருக்கிறதா என்று பரிசோதித்து எழுதிக் கொடுப்பது என் தொழில். பதினேழு வருஷமாக இதைத்தான் செய்கிறேன். உரிமம் இருக்கிறது. தொழிலில் என்னை மூக்கன் என்பார்கள். மோப்பம் அதிகம் என்பதால் அல்ல, எனக்கு வாசனை தெரிவது நின்றுபோய்ப் பல வருஷமாகிறது என்பதால். இது வழக்குக்குத் தேவையில்லை என்று இந்த வாக்குமூலத்தை எழுதும் ரைட்டர் சொன்னார். எங்கள் தொழில் சங்கத்தில் விசாரித்தால் அந்தப் பெயரைச் சொன்னால்தான் என்னைத் தெரியும் என்பதால் எழுதச் சொன்னேன்.

இந்த மாதம் இரண்டாம் தேதி ஒரு நர்ஸ் எனக்குப் போன் செய்து, தானும் கணவரும் ஒரு வீட்டை வாங்கப் பேசி வைத்திருப்பதாகவும், பத்திரம் எழுதும் முன் தொட்டியைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றும் கேட்டார். ஒத்துக்கொண்டு நான்காம் தேதி காலை பத்து மணிக்குப் போனேன். நர்ஸுக்கு அன்று டியூட்டி இருந்ததால் வரவில்லை. விற்பவர்கள் இருவர் மட்டும் இருந்தார்கள். அம்மா முன்னறையில் மெஷின் போட்டுத் துணி தைக்கிறவர். ஐயா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டதால் படியில்லாத சின்ன வீடாகப் பார்த்துக்கொண்டு மகள் இருக்கும் ஊருக்கே போகப்போவதாக அவரே சொன்னார். ஊரெல்லாம் லிஃப்ட் மாட்டினவன் வீட்டில் மாடிப்படி பாருங்கள் என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

முதலில் எத்தனை பேர் புழங்குகிறார்கள், கடைசியாக எப்போது லாரி வந்து உறிஞ்சியது என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன். அதன் பிறகு குளியலறைக் குழாய்களைத் திறந்து அரை மணி நேரம் தண்ணீர் ஓடவிட்டேன். அதன் பிறகு பின்பக்கம் போய்த் தொட்டியின் மூடியைத் திறந்து, உள்ளே இருப்பது வெளியே தெரிகிற மாதிரியான பிளாஸ்டிக் அளவுக் குழாயை இறக்கி, அடியில் தங்கிய கசடு எவ்வளவு, மேலே மிதப்பது எவ்வளவு என்று அளந்தேன். ஒழுங்காக இருந்தது. அதன் பிறகு கழிவறையில் பச்சைச் சாயம் ஊற்றித் தண்ணீர் விட்டு, தரையில் எங்கேயாவது பச்சை தெரிகிறதா என்று பார்த்தேன். தெரியவில்லை. பார்த்த இடங்களில் சின்னச் சிவப்புக் கொடி நட்டு வைப்பது என் வழக்கம். ஐயா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு என் பின்னாலேயே வந்து, ஒவ்வொரு கொடிக்கும் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, இது எதற்கு, அது எதற்கு என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவரை வேலை செய்ய விடுங்கள் என்று அம்மா ஜன்னல் வழியாகச் சத்தம் போட்டார். எனக்கு அது தொந்தரவாக இல்லை. என் வேலையை உட்கார்ந்து பார்க்கிறவர்கள் குறைவு, முக்கால்வாசிப் பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள்.

அந்த வீடு நாற்பது வருஷத்து வீடு. தொட்டி இருபது வருஷத்துத் தொட்டி. அப்படியானால் அதற்கு முன் இருந்த தொட்டி என்ன ஆயிற்று என்று தேட வேண்டும். பழைய தொட்டியைக் கைவிடும்போது உறிஞ்சி எடுத்துவிட்டு, அடியை உடைத்து, மண் போட்டு நிரப்ப வேண்டும். சிலர் அந்தச் சிரமம் எடுக்காமல் பலகையை வைத்து மூடி, மேலே மண்ணைத் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். அதைக் கண்டுபிடிக்க ஐந்தடி இரும்புக் கம்பி வைத்திருக்கிறேன். அதனால் தோட்டம் முழுக்கக் குத்திப் பார்த்தேன். கிழக்கு மதிலோரம், எலுமிச்சை மரத்திலிருந்து மூன்றடி தள்ளிக் குத்தியபோது கம்பி ஓர் அடி போய் எதன் மேலோ நின்று லேசாக எம்பியது. கல் எம்பாது. மறுபடி குத்தியதும் கைப்பிடிவரை உள்ளே போனது. உருவியபோது கம்பியின் கீழ்ப்பாதி ஈரமாக இருந்தது. அங்கே பழைய தொட்டி இருக்கலாம் என்று சந்தேகப்பட்டேன். அந்த இடத்தில் ஐந்தாவது கொடியை நட்டேன். ஐயா அப்போது மாத்திரை போட உள்ளே போயிருந்தார்.

வேலை முடிந்ததும் ஐந்து கொடிகளையும் பிடுங்கிவிட்டேன். கொடியைப் பார்த்தால் வீடு வாங்க வருகிறவர்கள் மிரளுவார்கள் என்று விற்பவர்கள் சண்டைக்கு வருவதால், இந்தத் தொழிலில் எல்லோரும் பிடுங்கிவிட்டுத்தான் போவோம். அதன் பிறகு பின்பக்கக் குழாயில் கை கழுவினேன். அம்மா சோப்பு கொண்டுவந்து கொடுத்து, ஏதாவது கோளாறு இருக்கிறதா என்று கேட்டார். ரிப்போர்ட் வாங்குகிறவர்களுக்குத்தான் போகும், அவர்கள் சொல்வார்கள் என்றேன்.

"நம்ம வீட்டப் பத்தி நமக்கே சொல்லக் கூடாதா தம்பி?" என்று அம்மா கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, விளையாட்டாகத்தான் கேட்டார். நானும் விளையாட்டாகவே தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

பரிசோதனைக்கு யார் கூப்பிட்டார்களோ அவர்களிடம் மட்டுமே முடிவைச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் சங்கத்தின் விதி. மூன்று வருஷத்துக்கு முன் வேறு ஒரு வீட்டில் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் விற்பவரிடம் ஒரு விரிசலைச் சொல்லிவிட, அவர் ஒரே நாளில் சிமெண்டைப் பூசி மறைத்துவிட்டார். வாங்கியவர் புகார் கொடுத்தார், எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதிலிருந்து யார் கேட்டாலும் ரிப்போர்ட் வரும் என்று மட்டும் சொல்வேன். இதைச் சாக்காகச் சொல்லவில்லை, இன்ஸ்பெக்டர் கேட்டதால் சொல்கிறேன்.

அன்று சாயங்காலம் நர்ஸுக்கு ரிப்போர்ட் அனுப்பினேன். கண்ணால் பார்க்காததை உறுதியாக எழுத மாட்டோம் என்பதால், கிழக்குப் பக்கம் பழைய தொட்டி இருக்கக்கூடும், மேற்கொண்டு ஆராயவும் என்று ஒரு வரி எழுதினேன். அதன் பிறகு போனில் பேசியபோது, அந்த மூலையில் யாரும் கால் வைக்க வேண்டாம் என்றும் சொன்னேன். வீட்டுக்காரர்களுக்குத் தெரியுமா அண்ணா என்று நர்ஸ் கேட்டார். அது நீங்களும் அவர்களும் பேசிக்கொள்ள வேண்டியது என்றேன். அதன் பிறகு அந்த வீட்டைப் பற்றி நான் நினைக்கவில்லை. நர்ஸ் அந்த வீடு வேண்டாம் என்று விட்டுவிட்டதும், மனம் நோகக் கூடாது என்று கணவருக்கு மாற்றல் வந்துவிட்டதாக விற்பவர்களிடம் காரணம் சொன்னதும் எனக்குப் பிற்பாடுதான் தெரியும். அவர் சொல்லுவார் என்று நான் இருந்தேன். அந்த வீட்டிலிருந்து கிளம்பும்போதே நான் சொல்லியிருப்பேன் என்று அவர் இருந்திருக்கிறார்.

பதினைந்தாம் தேதி காலை பத்து இருபதுக்கு, வேறு ஒரு வீட்டில் மூடியைத் திறந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. தையற்கார அம்மா பேசினார். நான் கொடுத்துவிட்டு வந்த கார்டு மெஷின் மேலேயே இருந்ததாம். "தம்பி, தரை உள்ள போயிடுச்சு, அவர் உள்ள இருக்கார், கூப்பிட்டாப் பேச மாட்டேங்கிறார்" என்றார். யாரும் உள்ளே இறங்கக் கூடாது, விஷவாயு இருக்கும், இறங்கினால் இறங்குகிறவரும் வர மாட்டார், உடனே தீயணைப்புக்குச் சொல்லுங்கள் என்றேன். பக்கத்து வீட்டுக்காரர் இறங்கப்போகிறார் என்றார். போனை அவரிடம் கொடுக்கச் சொல்லித் திட்டினேன். அவர் இறங்கவில்லை. அன்று நான் செய்ததில் அது ஒன்றுதான் சரி.

அதன் பிறகு பைக்கை எடுத்துக்கொண்டு பத்தே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தேன். தீயணைப்பு வண்டி எனக்கு முன்னால் வந்திருந்தது. மதிலோரத்தில் நான்கடிக்கு நான்கடி தரை இல்லை. ஐயா தானே சக்கரம் வைத்துச் செய்த பலகை ஒன்று விளிம்பில் சாய்ந்து நின்றது. சிமெண்ட் பூந்தொட்டிகள் இரண்டு மரத்தடியில் இருந்தன, மூன்றாவது உள்ளே கிடந்தது. வாங்க வந்தவர்கள் விட்டுப் போனதால் அடுத்து வருகிறவர்களுக்குத் தோட்டம் பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று, ஐயா மூன்று நாளாகப் பூந்தொட்டிகளைப் பலகையில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து அடுக்கியதாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். நான் தீயணைப்பு ஆட்களிடம், பழைய காலத்துத் தொட்டி ஏழடி ஆழம் இருக்கும், விளிம்பில் நிற்காமல் ஏணியைப் படுக்கப் போட்டு அதன் மேல் நில்லுங்கள் என்றேன். பதினொன்று இருபதுக்கு ஐயாவை மேலே எடுத்தார்கள். உயிர் இல்லை. அம்மா கழுத்தில் கிடந்த அளவு டேப்பைக் கையில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். எனக்கு எந்த வாசனையும் தெரியவில்லை. அழுகையும் வரவில்லை.

மறுநாள் சங்கத்துச் செயலாளர் என் வீட்டுக்கு வந்தார். ரிப்போர்ட்டைப் படித்துப் பார்த்துவிட்டு, நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய், இதிலேயே நின்றுகொள் என்றார். "மூக்கா, சந்தேகம்னு சொல்லு, அதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம். தெரியும்னு சொன்னா உரிமம் போயிடும், கேஸும் உன் மேல திரும்பும். பொண்ணுங்கள நெனச்சுக்கோ" என்றார். அவர் கெட்டவர் இல்லை. என் மனைவி அவருக்குக் காபி கொடுத்தாள். அவர் போன பிறகு, அவர் சொல்வது போலவே சொல்லிவிடுங்கள் என்றாள். சரி என்றேன்.

பதினெட்டாம் தேதி மதியம் தையற்கார அம்மாவைப் பார்க்கப் போனேன். யாரும் கூப்பிடவில்லை, நானாகத்தான் போனேன். மகள் வந்திருந்தார், உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா மெஷினில் உட்கார்ந்து பள்ளிக்கூடச் சீருடை தைத்துக்கொண்டிருந்தார். கொடுக்க வேண்டிய துணி நிற்கிறது என்றார். உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் மெஷின் ஓடியது. அதன் பிறகு தையலை நிறுத்தாமலே கேட்டார்.

"நான் போன் பண்ணினப்போ தரை போயிடுச்சுன்னுதானே சொன்னேன். எந்த இடம்னு சொல்லலையே. நீங்களே எலுமிச்சை மரத்துக்கிட்டயான்னு கேட்டீங்களே தம்பி."

நான் அப்படிக் கேட்டது எனக்கு நினைவில்லாமல் இருந்தது. அவர் சொன்னதும் நினைவு வந்தது. அவர் பேசி முடிக்கும் முன்பே கேட்டிருக்கிறேன். ஒரு சந்தேகம் இருந்தது அம்மா, அவ்வளவுதான் என்றேன். சந்தேகமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். நூல் அறுந்தது, கோக்கப் பார்த்தார். இரண்டு முறை முயன்றும் ஊசிக்குள் போகவில்லை. நான் கோத்துக் கொடுத்துவிட்டு எழுந்து வந்தேன்.

இன்று காலை பத்து மணிக்கு அழைப்பின்படி நிலையத்துக்கு வந்தேன். நான் சொல்லச் சொல்ல ரைட்டர் எழுதினார். முடிந்ததும் இன்ஸ்பெக்டர் எனக்குப் படித்துக் காட்டி, சேர்க்கவோ நீக்கவோ ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். பழைய தொட்டி இருக்கலாம் என்று சந்தேகப்பட்டேன் என்னும் வரி தப்பு, எனக்குத் தெரியும் என்று இருக்க வேண்டும் என்றேன். ரைட்டர் பேனாவை வைத்துவிட்டார். இப்படி மாற்றினால் சாட்சியாக வந்தவர் எப்படிப் போவீர்கள் என்று புரிகிறதா, வக்கீலோடு பேசிவிட்டு வருகிறீர்களா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். புரிகிறது, வேண்டாம் என்றேன். தெரியும் என்றால் எப்படித் தெரியும் என்று சொல்ல வேண்டும் என்றார். அதனால் முதலில் சொல்லாமல் விட்டதை இப்போது சொல்கிறேன்.

கம்பியை உருவியதும் தரையில் கட்டை விரல் போகிற அளவுக்கு ஓட்டை இருந்தது. என்னால் பலகையில் ஓட்டை விழுந்தது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக அதை மூட நினைத்தேன். அருகில் போகவில்லை. எலுமிச்சை மரத்தை இடது கையால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, உடம்பின் பாரம் முழுவதையும் பின்னங்காலில் வைத்து, வலது காலை மட்டும் நீட்டி, பூட்ஸ் நுனியால் மண்ணைத் தள்ளி மூடினேன். கொடியையும் அப்படியே மரத்தைப் பிடித்துக்கொண்டுதான் நட்டேன், அப்படியேதான் பிடுங்கினேன். அந்த இடம் என்னைத் தாங்காது என்று எனக்கு அவ்வளவு நன்றாகத் தெரியும். அதன் பிறகுதான் போய்க் கை கழுவினேன். அம்மா கேட்டது அதற்கும் பிறகு.

என்னை யாரும் அடிக்கவோ மிரட்டவோ ஆசை காட்டவோ இல்லை. மேலே இருப்பது எல்லாம் நடந்தது நடந்தபடி. தையற்கார அம்மாவிடம் பதினெட்டாம் தேதி நான் சொன்னது மட்டும் பொய். சட்டத்தில் இடமிருந்தால் இதில் ஒரு நகலை அவருக்குக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் படித்தாவது காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அடித்துத் திருத்திய இடத்தில் சின்னக் கையெழுத்தும், இதன் கீழே முழுக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

(கையொப்பம்)