கடைசியாக நடப்பவன்

அன்று கார்ட்டியர்வில்லில் சண்முகலிங்கம் வீட்டு பேஸ்மென்டில் இருந்தவர்கள்: சண்முகலிங்கம், அவர் மனைவி சிசிலி, மகள் வித்தியா, மேல்மாடியில் வாடகைக்கு இருக்கும் சென்னைப் பிள்ளை தீபக், நான். உறைபனி மழையில் மின்சாரம் போய் மூன்று மணி நேரம். ஒரே ஒரு மெழுகுதிரி. இவர்களுக்கு மட்டுமே சொன்னேன். வெளியே கதை வேறு விதமாகப் போகிறபடியால் எழுதியும் வைக்கிறேன்.

"பேய்க்கெல்லாம் கனடா விசா குடுக்கறாங்களா சார்?" என்றான் தீபக்.

"அதுவும் எங்களைப்போல அகதியா வந்திருக்கும். நீர் வாயை மூடிக்கொண்டு கேளும்," என்றார் சிசிலி.

போன மாசி மாதம். இரவு ஒன்று இருபது. ரொக்ஸ்பரோவில் கடைசி பஸ் என் தங்கை மகன் வசீகரனை இறக்கிவிட்டுப் போனது. லாசாலில் ஒரு கிடங்கில் அவனுக்கு வேலை. பஸ் தரிப்பிலிருந்து வீட்டுக்குப் பன்னிரண்டு நிமிட நடை. நான் தரிப்பில் காத்து நின்றேன்.

காரணம் இருந்தது. டொரன்டோவில் அவனுக்குப் பெண் பேசியிருந்தோம். பெடியன் ஆமிக்கு வழி காட்டினவனாம் என்று யாரோ அவர்கள் காதில் போட்டுவிட்டார்கள். ஊரில் யுத்தம் முடிந்த பிறகும் சரணடையாமல் கிழக்கில் ஒரு மலைக்காட்டில் ஏழு பேர் ஒளிந்திருந்தார்கள். இராணுவம் மலையைச் சுற்றி வளைத்து நாற்பது நாள் தேடியது. ஆறு பேர் இறந்தார்கள். உயிரோடு இறங்கியவன் வசீகரன் ஒருவன். சனத்துக்கு அது போதும்.

அவன் தாய், என் தங்கை ஞானாம்பிகை அழுதாள். "இப்ப அவன் பஸ்ஸால இறங்கி நடக்கவே பயப்பிடுறான், அண்ணை."

எங்கள் குடும்பத்தில் காட்டிக்கொடுத்தவனும் இல்லை, பயந்தவனும் இல்லை. அவன் வாயாலேயே கேட்டுவிடத்தான் போனேன்.

நடந்தோம். கணுக்காலளவு புதுப் பனி. காற்று இல்லை... பின்னால் ஒரு சத்தம். சரக்... சரக்... இலைக் கொப்பால் மண்ணைக் கூட்டுவதுபோல. நாங்கள் நின்றால் அதுவும் நின்றது. பச்சை இலை கசங்கிய மணம் வந்தது. மாசி மாதத்தில்.

திரும்பினேன். யாரும் இல்லை. தெருவிளக்குவரை பனி மட்டமாகக் கிடந்தது. எங்கள் இருவரின் காலடி ஒன்றுகூட இல்லை.

"ஆரடா அது?"

"கத்தாதேங்கோ மாமா. கிறகரி அண்ணை."

கிறகரி அந்த ஆறு பேரில் ஒருவன்.

பிறகு வசீகரன் சொன்னான். மலையில் இரவில்தான் இடம் மாறுவார்களாம். ஒருவர் பின் ஒருவராக. கடைசியாக நடப்பவன் கொப்பால் காலடிகளை அழித்துக்கொண்டு வரவேண்டும். அதை ஆளுக்கொரு இரவாக முறை வைத்துச் செய்வார்களாம்.

"அண்டைக்குக் கிறகரி அண்ணையின்ர முறை. அவருக்குக் காய்ச்சல். கொப்பை என்னட்டைத் தந்தவர். மூண்டு நாள் நித்திரை இல்லை மாமா... நடந்தபடியே நித்திரையாப் போனன். கொப்பு எங்கை விழுந்ததெண்டே தெரியாது. விடிய ஆமி எங்கட காலடியைப் பிடிச்சு வந்திட்டுது."

"இதை ஏனடா ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"ஆறு பேர், மாமா."

அவன் தோளில் கை வைத்திருக்கலாம். நான் வைக்கவில்லை.

சரக்... மிக அருகில். வசீகரன் கையுறையைக் கழற்றினான். வெறுங்கையைப் பின்னால், இருட்டுக்குள் நீட்டினான்.

"தாங்கோ அண்ணை. நீங்கள் போய்ப் படுங்கோ."

அவன் விரல்கள் எதையோ பற்றி மூடின.

"முன்னால நடவுங்கோ மாமா. திரும்பிப் பாக்கவேண்டாம்."

நடந்தேன். சரக்... சரக்... எட்டு நிமிடம். தங்கை கதவைத் திறந்தாள். என்னைத் தாண்டி வெளியே பார்த்தாள்.

"என்ர பிள்ளை எங்கை, அண்ணை?"

பொலிஸ் இரண்டு நாள் தேடியது.

குட்டு வெளிப்பட்டதும் வசீகரன் ஓடிவிட்டான் என்று டொரன்டோவில் இப்போது கதைக்கிறார்கள். பிழை. அவன் இராணுவத்துக்கு வழி காட்டவில்லை, நித்திரையானான். ஓடவும் இல்லை. வாசற்படிவரை என் பின்னால்தான் வந்தான். எனக்குக் கேட்டது.