துரைக்கு முளைத்த இறகு

– பேச்ச மாத்தாதீங்க. ஞாயித்துக்கெழம எங்க ஆபீஸ் ஃபெலிக்ஸ் வண்டி எடுத்துட்டு வாராரு. துரையைக் கூண்டோட ஏத்தி விட்டுருங்க.

– மைதிலி, பேசிக்கலி அது பழைய சோபா இல்ல, வண்டியில ஏத்தி விட. மக்காவ் கிளி. ஒருத்தர்கிட்ட ஒட்டுச்சுன்னா ஆயுசு பூரா அவங்களோடதான்.

– அந்த ஒருத்தர் நான் இல்லலா? இந்தா, விரலப் பாருங்க. தண்ணி வைக்கப் போன கையக் கவ்விட்டு. நாளைக்கு ஆபீஸ்ல நான் என்னத்த டைப் அடிக்க?

– காட்டு. ஆழமா இல்ல, மஞ்சள் வெச்சா போயிடும். நீ பயந்துக்கிட்டே கைய நீட்டுற, அதுக்குத் தெரிஞ்சிடுது.

– ஆமா, தப்பு என் மேலதான். வேலைக்குப் போயிட்டு வந்து, முழ நீள வால ஆட்டிக்கிட்டு ஹாலையே அதிகாரம் பண்ணுத கிளிக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு நான் உள்ள வரணும். வாசக்கால் நெலையப் பாத்தீங்களா? எலி கூட இப்படிக் கொறிக்காது. ஹவுஸ் ஓனரு வந்தா நீங்களே பதில் சொல்லுங்க, கிரி சார்.

– மரம் கடிக்கிறது அதோட சுபாவம். வாங்கறப்ப உனக்கும்தான் புடிச்சிருந்துது.

– வாங்கும்போது இந்த ஊரே தரையில நிக்கல. உங்களுக்கு புரமோஷன், எனக்கு இன்க்ரிமென்ட். மத்தவங்க மாதாப்பூர்ல ஃபிளாட் புக் பண்ணுனாங்க, நாம கிளி வாங்குனோம். இப்ப எங்க ஆபீஸ்ல வாரத்துக்கு ஒருத்தரக் கூப்பிட்டு வீட்டுக்கு அனுப்புதாங்க. ஏதோ நம்ம ரெண்டு பேருக்கும் வேல நிக்கிதேன்னு கும்பிட்டுக்கிட்டு இருக்கேன்.

– சரி விடு. அந்தப் பேச்சு இப்ப எதுக்கு?

– துரை பேச்சுதான் பேசுதேன். பகல் பூரா ரெண்டு பேரும் இல்ல. போன வருசம் நெஞ்சு இறகையெல்லாம் தானே பிடுங்கிப் போட்டு, உரிச்ச கோழி மாதிரி நின்னுச்சே, மறந்துட்டா? டாக்டர் என்ன சொன்னாரு? தனியாக் கெடந்தா அப்படித்தான் பிடுங்கும், பகல்ல ஆள் இருக்குத வீட்டுக்குக் குடுத்துருங்கன்னாரு.

– அதான் இப்ப சரியாயிடுச்சே. நெஞ்சப் பாரு, மஞ்சளா புது இறகு மொளச்சு மினுமினுன்னு இருக்கு. அவரு குடுத்த சொட்டு மருந்து நல்லா கேட்டிருக்கு.

– மருந்து கேட்டுட்டாக்கும். இருங்க, யாரோ கதவத் தட்டுதாங்க. வாங்க நாகம்மாக்கா.

– கிண்ணம் குடுக்க வந்தேன் மா. புளிக்கொழம்பு ஜோரு. ஏன் மா மூஞ்சி இப்படி இருக்கு? தம்பி கூட சண்டையா?

– சண்டையெல்லாம் இல்லக்கா. என் ஆபீஸ்ல ஃபெலிக்ஸ்னு ஒருத்தரு, மேட்சல் பக்கம் தோட்டம் வச்சிருக்காரு. துரைய அவருக்குக் குடுத்துரலாம்னு. செவுத்துக்கு அந்தப் பக்கம் இருந்துக்கிட்டு நீங்களும் எத்தன நாளைக்குத்தான் இது கத்துதத கேப்பீங்க?

– எங்களுக்காகன்னா நக்கோ மா, வேணாம். போன வருசம் நெசமாவே தாங்கல. எங்க வீட்டுக்காரரு ரயில்வே ஒர்க்‌ஷாப்புல கெடந்து ரிட்டையரான மனுசன், மத்தியானம் ஒரு தூக்கம் வேணும் அவருக்கு. செவுத்தத் தட்டித் தட்டி கை வீங்கிப் போச்சு. இப்ப எங்க சத்தம்? சங்கராந்தி போனதுலேர்ந்து நம்ம துரை அய்யா பகல் பூரா கப்சிப்பு.

– சுத்தமாக் கத்துததே இல்லியாக்கா?

– காலைல நீங்க ரெண்டு பேரும் எறங்கிப் போனதும் கொஞ்ச நேரம் உயிர் போற மாதிரி கத்துவான். அப்புறம் பட்டுனு நிறுத்திக்குவான்.

– கத்திட்டு தூங்கிடும்க்கா. பேசிக்கலி பறவைங்களுக்கு ஒரு ரொட்டீன் வந்துட்டா...

– ஹவ், ஆமா தம்பி, தூங்கட்டும், நல்லா தூங்கட்டும். நான் வரேன் மா, அடுப்புல பால் வெச்சிருக்கேன்.

– கேட்டல்ல? அக்கம்பக்கத்துக்கும் தொந்தரவு இல்ல, இறகும் வந்தாச்சு. இப்ப எதுக்கு அத அனுப்பணும்?

– அனுப்புனா யாருக்கு என்ன கொறஞ்சு போச்சு, அதச் சொல்லுங்க. பகல்ல இந்த வீட்ல யாரு இருக்கா, துரையக் காணோமேன்னு தேட?

– எனக்கு வேணும், மைதிலி. காரணம் கேக்காத. எல்லாத்துக்கும் நீ சொல்றபடி ஆடுறேன். இத ஒண்ண மட்டும் என்கிட்டேருந்து பிடுங்காத.

– இந்தா, இதப் பிடிங்க.

– என் டிபன் டப்பா. இதுக்கு என்ன?

– மூடியத் தடவிப் பாருங்க. சுத்தி அலகுத் தடம். நெதம் ஆபீஸுக்குன்னு நான் உங்க பைல வச்சு விடுத டப்பா.

– சாயங்காலம் வந்து மேஜை மேல வெச்சிருப்பேன், அது வந்து கொத்தியிருக்கும். சரி விடு.

– அந்தச் சொட்டு மருந்து பாட்டிலு ஃபிரிட்ஜ்ல முட்டைக்குப் பின்னால இருக்கு. சீல் கூட ஒடைக்கல.

– மைதிலி...

– ஒண்ணும் சொல்ல வேண்டாம். ஃபெலிக்ஸ்கிட்ட வரவேண்டாம்னு நானே சொல்லிக்கிடுதேன்.

– நெஜமாவா?

– நெசமாத்தான். ஆனா நாளைக்கு இல்லாத ஆபீஸுக்கு அந்தப் பைய மாட்டிக்கிட்டு என்கூட கீழ எறங்காதீங்க. நான் பேகம்பேட் பஸ் ஏறுத வரைக்கும் நீங்க எங்கனயோ போய் உக்காந்திருந்துட்டு வீட்டுக்குத் திரும்பி வாரீங்களே, அந்த நேரந்தான் துரை உயிர் போற மாதிரி கத்துது.