பஸ்ஸில் காணாமல் போன ஊடு

ராசிபுரம் தாண்டி பஸ் சேலம் போய்க்கொண்டிருந்தது. மகள் என் மடியில் தூங்கினாள். முன் சீட்டில் இரண்டு பெண்கள், இளையவளிடம் லேப்டாப். ஒட்டுக்கேட்பது தப்போ என்று நினைத்துக்கொண்டே கேட்டேன்.

“அக்கா, என் ஊட்டைக் காணோமுங்க! நான் செஞ்ச வெப்சைட்டுல பட்டனை அழுத்துனா வாடகை வீட்டுப் படம் வரோணும், வரலீங்க. இன்டர்வியூல இதைத்தான் காட்டோணும்.”

“அழுவாத சாமி. பைத்தான்ல பிரிண்ட் போட்டுப் பார்ப்பியே, அதே மாதிரி ஜாவாஸ்கிரிப்ட்ல கன்சோல் லாக் போடு. புரோகிராம் எங்க நிக்குதுன்னு தெரியும்.”

இளையவள் தட்டினாள். “அந்தப் பேருல ஒண்ணுமே இல்லீங்குதுங்க.”

மூத்தவள் திரையை எட்டிப் பார்த்தாள். “அடியே, பக்கத்தோட எச்டிஎம்எல்ல வீடுன்னு பேரு வெச்சுட்டு, இங்க ஊடுன்னு கூப்பிட்டா எப்படி வரும்?”

பேரை மாற்றித் தட்டினாள். “வந்துருச்சுங்கக்கா! நீங்க இல்லீன்னா இன்னைக்கு நான் என்ன பண்ணியிருப்பேன்? வேலை கெடச்சா நீங்க சாப்பிட வரோணும்.”

“வீட்டுக்கா, ஊட்டுக்கா?”

“வீடு கம்பெனிக்குங்க. உங்களுக்கு ஊடுதான்.”