மூக்கில் நின்ற பந்து

நம் உடற்பயிற்சி மன்றத்தின் ஆண்டுக் கூட்டத்தில் எனக்கு ஐந்து நிமிஷம் கொடுத்திருக்கிறீர்கள். நேராகச் சொல்கிறேன். தவறு செய்தது மன்றம். அடிபட்டவர் ஒருவர், தண்டனையும் அவருக்கே. மெடிசின் பாலை, அந்தக் கனத்த தோல் பந்தை, பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, 'பெண்களுக்கு இது ஒத்துவராது' என்று தீர்மானம் எழுதினீர்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. இன்றும் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

தெரியாதவர்களுக்காக ஒரு சின்னக் கதையாகவே சொல்லிவிடுகிறேன்... கதைதான், ஆனால் நடந்தது.

திலகவேணியம்மா, அதோ மூன்றாவது வரிசையில். வயது ஐம்பத்திரண்டு. பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமையல். மூத்தோர் போட்டியில் குண்டு எறிகிறார். போன வருஷம் ஒரு சாணில் பதக்கம் போயிற்று. பலம் இருந்தது, தள்ளுகிற வேகம் போதவில்லை. அந்த வேகத்துக்குத்தான் இங்கே வந்தார்.

முதல் நாள். நம் பயிற்சியாளர் குருபரன் ஆறு கிலோ பந்தை எடுத்தார். ஆறு கிலோ... முதல் நாளிலேயே. நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தார். "ரெடியாக்கா?" என்றார். அம்மா தலையாட்டினார். குருபரன் ஒரே தள்ளாகத் தள்ளினார்.

அம்மா என்ன செய்தார்? இரண்டு கையையும் இடுப்பளவில் ஏந்திக்கொண்டு நின்றார். சோற்றுக் குண்டானை அப்படித்தானே வாங்குவார்கள்? முப்பது வருஷமாக எதையும் அடியில் கை கொடுத்து வாங்கியவர். பந்து கைக்கு மேலே போயிற்று. மூக்கில் நின்றது.

நிர்வாகக் குழு கூடியது. மூக்கைப் பற்றிப் பேசினார்கள். வயதைப் பற்றிப் பேசினார்கள். பெண் என்பதைப் பற்றி நிறையப் பேசினார்கள். இருநூறு பிள்ளைகளுக்குச் சோறு வேகிற அண்டாவை இறக்குகிறவருக்கு உடம்பில் தெம்பு இல்லை என்று முடிவானது.

நான் குருபரனிடம் போனேன். கோபமாகத்தான் போனேன்.

"ஏம்ப்பா, எப்படிப் பிடிக்கணும்னு சொன்னியா?"

"இல்லீங்கய்யா."

"ஏன் சொல்லல?"

"எனக்கும் யாரும் சொல்லலய்யா. மொத நாள் மூஞ்சியிலதான் பட்டுச்சு. இங்க எல்லாருக்கும் அப்படித்தான்னு சொன்னாங்க."

எல்லாருக்குமா? பார்த்துவிடுவோம். முதல் நாள் முகத்தில் வாங்கியவர்கள் கை தூக்குங்கள்... ம்... கூச்சப்படாதீர்கள்... பதினாறு, பதினேழு... தலைவரே, உங்கள் கை பாதியில் நிற்கிறது. முழுவதும் தூக்கிவிடுங்கள். பதினெட்டு. நன்றி.

பதினெட்டு ஆண்களின் முகத்தில் பட்டிருக்கிறது. 'ஆண்களுக்கு ஒத்துவராது' என்ற தீர்மானம் எங்கே? நானும் தேடிப் பார்த்தேன். இல்லை.

இதுதான் கதையின் பொருள். சொல்லிக்கொடுக்காதது நாம். தெரியாமல் நின்றதற்கு அவரைக் குற்றவாளி ஆக்கியதும் நாம்.

போட்டிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கிறது. செயலாளர் நாளைக் காலை பீரோவைத் திறக்க வேண்டும். உள்ளே மூலையில் இரண்டு கிலோ பந்து ஒன்று கிடக்கிறது, அதை எடுக்க வேண்டும். குருபரன் புதியவர்களைப் பார்த்து எறியக் கூடாது. சுவரைப் பார்த்து அவர்களை எறியச் சொல்ல வேண்டும். முட்டி போட்டு, முழங்கை விலாவை ஒட்டி, விரல்கள் பந்துக்குப் பின்னால் விரிந்து, ஒரே தள்ளு. திரும்பி வருகிற பந்தைப் பிடிக்க வேண்டாம், தரையில் விழட்டும். ஐந்து முறை எறிந்தால் ஓய்வு. வேகம் குறைந்தால் அன்றைக்குப் போதும். இதை எந்தப் பள்ளியிலும் நான் படிக்கவில்லை, நம் பின்சுவரில் எறிந்து எறிந்து தெரிந்துகொண்டது.

தலைவர் அந்தத் தீர்மானத்தை இந்த மேடையிலேயே, நான் இறங்குவதற்குள், ரத்து செய்ய வேண்டும். நான் இறங்க அவசரப்படவில்லை.

திலகவேணியம்மா நாளைக் காலை ஆறு மணிக்கு வர வேண்டும். அவர் செய்ய வேண்டியது அவ்வளவுதான்.